நிறம் கூட்டித் தரப்படும்

பேராண்டி, போன கிழமை டவுனுக்கு வந்தப்ப உன் போட்டோக் கடை போர்டைப் பார்த்தேன். "நிறம் கூட்டித் தரப்படும்"னு பெரிய எழுத்துல போட்டிருக்கே. சந்தோஷம்டா ராசா. நம்ம குடும்பம் நாலு தலைமுறையா வெயில்லயும் மழையிலயும் நின்னு குறைச்சுக்கிட்டதை நீ ஒருத்தனாச்சும் கூட்டித் தர்றேங்கிறியே. ஆனா எப்படிக் கூட்டுவே? கொழுந்து நிறுக்கிற மாதிரி தராசுலயா? அங்கன்னா கூடைக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோன்னு கழிப்பாங்க. உன் கடையில என்ன கழிப்பு? நான் பார்த்த வரைக்கும் மச்சத்தைக் கழிக்கிறே, மூக்கைக் கழிக்கிறே. நம்ம தோட்டத்து மேக்கணக்குப் பொண்ணு கல்யாண ஆல்பத்துல, பின்னால பூந்தோட்டம் வைக்கிற அவசரத்துல மாப்பிள்ளையோட ஒரு காதையே கழிச்சிருக்கே. மாமியார்க்காரி இன்னும் அதைக் கவனிக்கல. கவனிக்காம இருக்க நான் வேண்டிக்கிறேன்.

கோவிச்சுக்காத. தாத்தனுக்கு கம்பியூட்டரைப் பத்தி என்ன தெரியும்னு நீ உதட்டைப் பிதுக்குறது இங்க இருந்தே தெரியுது. கம்பியூட்டர் தெரியாதுதான். ஆனா படத்துக்குப் பவுடர் பூசுற வேலையை உங்கப்பன் பொறக்கிறதுக்கு முந்தியே பார்த்தவன் நான். 1968ல எனக்குப் பதினேழு வயசு. ரப்பர் வெட்டப் போக மாட்டேன்னு அடம்பிடிச்சு, இரத்தினபுரி டவுன்ல ஒரு ஸ்டூடியோவுல எடுபிடியாச் சேர்ந்தேன். கடைப் பேரு எதுக்கு? கடையும் இல்ல, முதலாளியும் இல்ல. அந்த இடத்துல இப்ப ஃபோனுக்கு ரீலோட் போடுறாங்க.

ஒரு சிவப்புப் பல்பு, மூணு தட்டு, ஹைப்போவோட புளிச்ச வாடை. அவ்வளவுதான் இருட்டறை. மேல இருந்து விளக்கு வெளிச்சம் நெகட்டிவ் வழியா கடதாசியில விழும். முகம் கறுத்து விழும்னு தெரிஞ்சா, கம்பி முனையில காசு அளவு அட்டையை ஒட்டி முகத்துக்கு மேல ஆட்டிக்கிட்டே இருக்கணும். வெளிச்சம் குறைஞ்ச இடம் வெளுப்பா வரும். ஆட்டுற கை ஒரு நொடி நின்னாலும் தலையைச் சுத்தி வட்டம் விழுந்து ஆளு சாமி படம் மாதிரி ஆயிடுவான். வானம் வெளிறிக் கிடந்தா ரெண்டு கையையும் குவிச்சு, நடுவுல ஓட்டை வச்சு, அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலா வெளிச்சம் விடணும். உன் போட்டோஷொப்புல குச்சி முனையில வட்டம் வச்ச மாதிரி ஒரு சின்னப் படம், குவிச்ச கை மாதிரி ஒரு சின்னப் படம் இருக்குல்ல? அந்தக் குச்சி என் கம்பிடா. அந்தக் கை என் கை. தோமஸ் நோல், ஜோன் நோல்னு அமெரிக்காவுல ரெண்டு அண்ணன் தம்பி செஞ்ச சாமான் அது. 1990 பெப்ரவரியில கடைக்கு வந்துச்சு. அவங்க அப்பாவும் வீட்டு நிலவறையில இருட்டறை வச்சிருந்தவராம். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கிறியா? ராத்திரி நீ தூங்குன பிறகு உன் ஃபோன்ல யூடியூப் பார்க்கிறது யாருன்னு நினைச்சே? டேட்டாவை எலி தின்னுச்சுன்னா?

ஆகையால ராசா, படத்தைத் தொடவே கூடாதுன்னு சொல்ற ஆளு நான் இல்ல. தொட்டு வாழ்ந்தவன். பெரிய கங்காணி ஒருத்தர் வருவாரு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பென்சிலை ஊசி மாதிரி சீவி, நெகட்டிவ்ல புள்ளி புள்ளியாத் தொட்டு ஒவ்வொரு குழியையும் ரொப்பினேன். நெகட்டிவ்ல கறுப்பு கூடுனா படத்துல அந்த இடம் வெளுக்கும், அதுதான் சூட்சுமம். ரெண்டு நாள் வேலை. கங்காணி பார்த்துட்டு மகிழ்ந்து போயி ரெண்டு ரூபா கூடவே கொடுத்தாரு. அடுத்த வாரம் திரும்பி வந்தாரு. "தம்பி, படத்தைப் பார்த்ததுல இருந்து பெரட்டுக் களத்துல ஒரு பயலும் பயப்பட மாட்டேங்கிறான். பாதித் தழும்பைத் திருப்பிப் போட்டுக் குடு"ன்னாரு. அதுக்கும் ரெண்டு ரூபா வாங்கினேன்.

ஆனா பென்சிலே படக்கூடாதுன்னு ஒரு படம் இருந்துச்சு. 1964 ஒக்டோபர்ல சிறிமாவோ அம்மாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு நம்ம சனத்தைப் பங்கு பிரிச்சாங்களே, 5,25,000 பேர் அங்கிட்டு இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கிட்டுன்னு. மிச்சம் இருந்த ஒண்ணரை லட்சத்தைப் பத்து வருசம் கழிச்சு சரிபாதியாக் கிழிச்சாங்க. அந்தக் காலத்துல பாஸ்போர்ட் படத்துக்குத் தோட்டம் தோட்டமா வந்து இறங்குவாங்க. முதலாளி என் காதைத் திருகிச் சொன்னாரு, "இந்தப் படத்துல பென்சில் பட்டுச்சு, கையை ஒடிச்சுப்புடுவேன். கந்தோர்ல இருக்கிறவன் முகத்தையும் படத்தையும் பார்த்து ஒத்துப் போகலன்னு திருப்பிட்டான்னா, ஒரு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்." ஒரு நாள் பல்லில்லாத கிழவி ஒண்ணு வந்தா. "தம்பி, அக்கரையில என் தம்பி இருக்கான், பார்த்து நாப்பது வருசமாச்சு. அடையாளம் தெரியற மாதிரி எடு சாமி"ன்னா. எடுத்தேன். சுருக்கம் எல்லாம் அப்படியே விழுந்துச்சு. தலைமன்னார்ல கப்பல் ஏறிப் போயிட்டா.

அவ உன் கடைக்கு வந்திருந்தா முப்பத்திரண்டு பல்லும் வச்சு அனுப்பியிருப்பே. தம்பிக்காரன் இராமேஸ்வரத்துல நின்னு, யாரோ சினிமாக்காரி வர்றான்னு ஒதுங்கி வழி விட்டிருப்பான்.

சரி, அந்த ஆல்பத்துக்கு வர்றேன். பொண்ணு முகத்தைப் பார்த்தேன், நுவரெலியா. கழுத்துக்குக் கீழ பார்த்தேன், எஹலியகொடை. கைக்கு வந்தா, பத்து வருசம் ரப்பர்ப் பால் வாளி தூக்குன கை அப்படியே நிக்குது. ஒரே ஆளுக்குள்ள மூணு ஊரு, மூணு சீதோஷ்ணம். வெளுக்கிறதுன்னு முடிவு பண்ணினா முழுசா வெளு ராசா, மாப்பிள்ளை வீட்டுக்காரன் யாரைக் கட்டினோம்னு ஒரேயடியாக் குழம்பட்டும். பாதியில விடாத.

கறுத்த முகம் படத்துல கரிக்கட்டை மாதிரி விழுறதுக்குக் கறுப்பு காரணமில்லடா. ஒரு காலத்துல கொடக் கம்பெனிக்காரன் நிறம் சரி பார்க்கிறதுக்குன்னு ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு படம் போட்ட அட்டையை அச்சுக் கூடங்களுக்கு அனுப்புவான். "ஷேர்லி அட்டை"ன்னு பேரு. அவ தோலு சரியா வந்தா உலகமே சரின்னு அர்த்தம். நம்மாளுக முகம் சேறாப் போனா யாரும் கேக்கல. கடைசியில, பழுப்பு நிறம் பிரிஞ்சு விழலன்னு சத்தம் போட்டது சொக்லட் கம்பெனியும் மரச்சாமான் கம்பெனியும்தானாம். அவங்களுக்காகத்தான் ஃபில்ம் திருந்துச்சுன்னு சொல்லுவாங்க. மனுசன் சொல்லிக் கேக்காததைச் சொக்லட் சொல்லிக் கேட்டிருக்கான். இப்ப கூகிள்காரன் 2021ல விட்ட ஃபோன்ல கறுத்த தோலுக்குன்னு தனியா வேலை செஞ்சிருக்கானாம். நீ அதே வருசம் கடை திறந்து ஷேர்லி அட்டையைத் திரும்பத் தேடிக்கிட்டிருக்கே.

நான் சொல்றதைச் செஞ்சு பாரு. பொண்ணை உச்சி வெயில்ல நிறுத்தாத. காம்பரா இஸ்தோப்புக்குள்ள கொண்டு வந்து, வெளிச்சம் வர்ற பக்கம் முகத்தைச் சாய்ச்சு உக்கார வை. கறுத்த தோல்ல கன்னத்து மேட்டுலயும் மூக்குத் தண்டுலயும் ஒரு மினுக்கம் விழும், வெள்ளைத் தோலுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அந்த மினுக்கத்தை வச்சுத்தான் முகம் உருண்டு நிக்கும். நீ என்ன பண்றே? தோலை மழமழப்பாக்குற பொத்தானை அழுத்தி முதல்ல அதைத்தான் துடைக்கிறே. அப்புறம் முகம் தோசைக் கல்லுல ஊத்துன மாவு மாதிரி தட்டையாக் கிடக்குன்னு சொல்லி, வெளுப்பைக் கூட்டுறே. இருட்டா இருந்தா வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கு, நிழலைக் கொஞ்சம் திற. நிறத்தைக் கூட்டுறதுக்குக் கூட ரெண்டு ஸ்லைடர் வச்சிருக்கான் பாரு. ஒண்ணு எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டுக் கூட்டும். இன்னொண்ணு, வைப்ரன்ஸ்னு பேரு, மங்கிக் கிடக்கிற நிறத்தை மட்டும் பார்த்துக் கூட்டும், தோல் நிறத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். நீ முதலாவதைப் பிடிச்சு வலது கோடிக்கு இழுத்திருக்கே. அதனாலதான் கூறைச் சேலை ஒரே சிவப்புப் பாளமாப் போயி, மடிப்பும் தெரியல, சரிகையும் தெரியல. நாப்பதாயிரம் ரூபாய்க்கு எடுத்த சேலைடா. தாலியோ பித்தளைக் குண்டாச் சட்டி மாதிரி மின்னுது.

வானத்தைப் பத்தியும் பேசணும். நம்ம ஊரு மழைக்குப் பேர் போன ஊரு. இரத்தினபுரியில வருசத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுது. அன்னைக்கும் கொட்டுச்சு, நானும் குடையோட நின்னேன். ஆல்பத்துல பார்த்தா நீலவானம், பஞ்சு மேகம். 2020 ஒக்டோபர்ல இருந்து போட்டோஷொப்புலயே வானம் மாத்துற பொத்தான் வந்துருச்சாமே, ரொம்ப வசதி. ஆனா ராசா, மேல சுள்ளுன்னு வெயில் இருக்கு, கீழ ஒருத்தருக்கும் நிழல் இல்ல. மாப்பிள்ளை வேட்டி முட்டு வரைக்கும் சேறு. நாதஸ்வரக்காரர் தலையில பொலித்தீன் பை. பொண்ணோட குதிகால்ல ஒரு அட்டை தொங்குது, நல்லாக் குடிச்சு உருண்டு போயி. மச்சத்தைத் தேடித் தேடி அழிச்ச உனக்கு அட்டை கண்ணுல படல. நான் சொல்லமாட்டேன். அந்தப் படத்துல உண்மை பேசுறது அது ஒண்ணுதான்.

அப்புறம் அந்த மலை. பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால சிவனொளிபாதமலையைத் தூக்கி வச்சிருக்கே. 2,243 மீட்டர் மலை, நம்ம தோட்டத்துல கொடிக்கம்பத்து மேல ஏறி நின்னாலும் தெரியாது. நீ கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல நட்டிருக்கே. யாத்திரை போறவனுக்குப் பலாபத்தலைக்குப் போற பஸ் காசு மிச்சம். இதுக்கு நீ வெக்கப்படத் தேவையில்ல, உனக்கு முன்னோடி இருக்கான். 1982 பெப்ரவரியில நேஷனல் ஜியோகிரஃபிக் அட்டையில நீளவாக்குல அடங்கலன்னு எகிப்து பிரமிட்டையே பக்கத்துல தள்ளி வச்சான். நாலாயிரம் வருசத்துக்கு மேல அசையாததை ஒரு அட்டைப் படத்துக்காக அசைச்சான். நாப்பது வருசமாச்சு, இன்னும் அந்தப் பேச்சு ஓயல.

இதையெல்லாம் கேட்டா, "ஆர்ட் தாத்தா, இது ஆர்ட்"ங்கிறே. ஆர்ட்டைப் பத்தி எனக்கும் கொஞ்சம் காத்துல விழுந்திருக்கு. கொழும்புல லயனல் வெண்ட்னு ஒரு மனுசன் இருந்தாரு. வக்கீலுக்குப் படிச்சு, பியானோ வாசிச்சு, கடைசியில கமராவைப் பிடிச்சவரு. எங்க முதலாளி அவர் பேரைச் சொன்னா எந்திரிச்சு நிப்பாரு. கழுவிக்கிட்டிருக்கிற படத்துல பாதியில வெளிச்சத்தைக் காட்டி, கறுப்பை வெளுப்பாப் புரட்டி, உடம்பு ஓரத்துல கோடு கீறுன மாதிரி கொண்டு வருவாரு. ரெண்டு நெகட்டிவை ஒண்ணா வச்சும் அடிப்பாரு. 1944ல நாப்பத்தி நாலு வயசுல செத்துப் போனாரு. அவர் செஞ்சது உன்னை விட நூறு மடங்கு மாத்தல். ஆனா அதைப் பார்த்து யாரும், "ஐயோ, இந்தப் பொண்ணு நேர்லயும் இப்படித்தான் இருப்பாளோ"ன்னு பொண்ணு கேட்டுப் போகல. இது கனவுன்னு படமே சொல்லிரும்.

அதுக்கும் முந்தி ஜூலியா மார்கரெட் கெமரன்னு ஒரு வெள்ளைக்கார அம்மா. நாப்பத்தெட்டு வயசுல கமரா பிடிக்க ஆரம்பிச்சு, சீமையில பெரிய பேர் எடுத்தவ. புருசனோட கோப்பித் தோட்டம் இருந்ததால 1875ல இங்க வந்தா. தோட்டத்துல வேலை செஞ்ச நம்ம சனத்தையும் இருத்தி வச்சுப் படம் எடுத்திருக்கா. அவ படம் மங்கலா இருக்கு, கீறல் இருக்கு, கை பட்ட கறை இருக்குன்னு சீமையிலயே பல பேர் சிரிச்சாங்க. அவ துடைக்கல. 1879ல டிக்கோயாப் பக்கம் செத்து, பொகவந்தலாவைக் கோயில்ல புதைச்சிருக்கு. பலாங்கொடையில இருந்து மலைக்கு மேல ஏறினா அந்தப் பக்கம்தான். போனா ஒரு பூ வச்சுட்டு வா. போறப்ப ஃபில்டர் போட்டு செல்ஃபி எடுக்காத, எந்திரிச்சு வந்துருவா.

பச்சையைப் பத்திச் சொல்லாம விட்டா என் நெஞ்சு வேகாது. காசு கொடுத்து வாங்கினியாமே ஒரு பிரிசெட்டு, ஒரே அமுக்குல சினிமா மாதிரி ஆக்குறது. அதைப் போட்டதும் தேயிலை மலை முழுக்கக் காஞ்ச புகையிலை நிறமாயிருச்சு. தொரை பார்த்தா, களைக்கொல்லியை எவன்டா கொழுந்துக்கு அடிச்சான்னு விசாரணை வைப்பாரு. நம்ம பச்சை ஒரு பச்சையா? கொழுந்து மஞ்சளோடின பச்சை, முத்தின இலை கறுத்த பச்சை, மழை விட்ட பாசி வேற, வாழை வேற. ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடறப்ப பச்சையே இல்ல, செம்பு நிறம். இதை எல்லாம் ஒரே காக்கிக்குள்ள போட்டு அடைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு? அந்தப் பிரிசெட்டு செஞ்சவன் பச்சையே இல்லாத ஏதோ ஊர்க்காரனா இருப்பான். அவன் ஊருக்கு அது சரி.

அதுக்காகப் பச்சையை விட்டுடுன்னும் சொல்லல. ரப்பர் மலைக்குள்ள நிறுத்தி எடுத்த படம் எல்லாத்துலயும் ஆளுக முகம் காமாலை கண்ட மாதிரி இருக்கு. இலை வழியா இறங்குற வெளிச்சம் பச்சை, தரையில பட்டு எழும்புறதும் பச்சை. நம்ம கண்ணு அதைத் தானாக் கழிச்சுக்கும், கமரா கழிக்காது. இதைத் திருத்துறது பொய் இல்லடா, கண்ணு பார்த்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. பச்சைக்கு எதிர்ப்பக்கம், அந்தக் கத்தரிப்பூ நிறத்துப் பக்கம், கொஞ்சம் தள்ளு. எவ்வளவுன்னு தெரியலன்னா வெள்ளையான ஏதாவது ஒண்ணைத் தொட்டுக் காட்டு, அதுவே கணக்குப் பார்த்துக்கும். அன்னைக்கு என் வேட்டியைத் தொட்டு நீ சரி பார்த்தது எனக்குத் தெரியும். அதனாலதான் எல்லாரும் மஞ்சக் குளிச்ச மாதிரி வந்திருக்காங்க. உங்க அப்பாயி என் வேட்டிக்கு நீலம் போட்டுத்தான் அலசுவா. நீலம் ஏறுன துணியை வெள்ளைன்னு காட்டினா மெஷின் நம்பி, நீலத்தைக் கழிச்சு மஞ்சளை ஏத்திரும். தாத்தன் வேட்டியையும் நம்பாத ராசா.

இன்னொரு விசயம், தொழில் விசயம். ஸ்டூடியோவுல கடதாசியும் ஃபில்மும் கிடைக்காம வேலை படுத்துப் போன பிறகு, நான் தோட்டத்துக்கே திரும்பி வந்து ரப்பர் ஸ்டோர்ல முப்பது வருசம் புகைக்கூடம் பார்த்தவன். பால் வந்து இறங்குறப்ப அதை எதுவாகவும் ஆக்கலாம். ஷீட் போடலாம், கிரேப் போடலாம். அசிட் ஊத்தி உறைய வச்சு, உருட்டி, புகை போட்ட பிறகு அது ஷீட்தான், திரும்பப் பாலாகாது. நீ ஃபோன்ல எடுக்கிற ஜேபெக் படம் புகை போட்ட ஷீட். ஒரு நிறத்துக்கு 256 படிதான் அதுல இருக்கு. ரோ-ன்னு ஒண்ணு உன் கமராவுல இருக்கே, அது பச்சைப் பால். பதினாலு பிட்டுன்னா 16,384 படி. இழுத்தா நீளும், அமுக்கினா அமுங்கும். நீ இடம் மிச்சம் பிடிக்கிறேன்னு ஷீட்டாவே எடுத்துட்டு, அப்புறம் அதை இழு இழுன்னு இழுத்து, வானத்துல வரி வரியா விழுந்துருச்சுன்னு அழுவுறே. அதோட ஒண்ணு, வெள்ளைச் சேலை வெந்து போயி முழு வெள்ளையா விழுந்துட்டா, ரோவா இருந்தாலும் ஆண்டவனாலயும் மீட்க முடியாது. எடுக்கிறப்பவே கொஞ்சம் அடக்கி எடு.

ராத்திரி பதினொரு மணிக்கு மஞ்சப் பல்புக்குக் கீழ உக்காந்து நிறம் பார்க்காத. காலையில பாரு. இவ்வளவு போதும் அதைப் பத்தி.

உன் மாமன் மகன் மாணிக்கக் கல்லு படம் எடுக்க வந்த கதையை நான் மறக்கல. வெளிறின கல்லு, மேகம் மூடுன மாதிரி. நீ நீலத்தைத் தூக்கி விட்டே, அவன் வட்ஸ்அப்ல அனுப்பினான், படத்தைப் பார்த்து கல்லு வாங்குற முதலாளி ஒருத்தர் கார் எடுத்துக்கிட்டு வந்து இறங்கினாரு. கல்லை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு. ஃபோனைப் பார்த்தாரு. திரும்பக் கல்லைப் பார்த்தாரு. "தம்பி, கல்லு வேணாம். ஃபோனை என்ன விலைக்குக் கொடுப்பே?"ன்னாரு. அன்னைக்கு நீயும் அவனும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்களே, அதைத்தான் படம் எடுத்திருக்கணும்.

நிறம் ஏத்துறதுல இரத்தினபுரிக்காரனுக்கு நீ பாடம் எடுக்க முடியாது. கெவுடான்னு பால் கலங்கின கல்லு உண்டு, ஒரு காலத்துல சல்லிக் கல்லோட சேர்த்து வீசினாங்க. 1970கள்ல தாய்லாந்துக்காரன் வந்து அதை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கிட்டுப் போனான். 1,600 பாகைக்கு மேல உலையில வச்சுச் சுட்டா, உள்ள இருக்கிற கலங்கல் கரைஞ்சு, டைட்டேனியமும் இரும்பும் சேர்ந்து நீலம் எந்திரிச்சுருது. நம்மாளு விசயம் தெரிஞ்சப்ப கல்லுல பெரும்பகுதி கப்பல் ஏறிருச்சு. அப்புறம் நாமளும் சுடக் கத்துக்கிட்டோம். சுட்ட கல்லு கள்ளக் கல்லு இல்ல. அதுவும் மாணிக்கம்தான், நெருப்பு அதுக்குள்ள இருந்ததைத்தான் வெளிய எடுத்துச்சு. ஆனா சேட்டிபிக்கேட்டுல "சுட்டது"ன்னு எழுதணும். சுடாத கல்லுக்கு விலை வேற. உள்ள இல்லாத நிறத்தைச் சாயம் பூசி ஏத்தினா அதுதான் கள்ளத்தனம். உன் படத்துக்கும் இதுக்கு மேல சட்டம் தேவையில்ல பேராண்டி. இருட்டுல ஒளிஞ்சதை வெளிய எடுக்கிறியா, எடு. வானம் மாத்தினியா, ஆல்பத்துக் கடைசிப் பக்கத்துல வானம் நம்ம கடையோடதுன்னு ஒரு வரி போட்டுடு. சொந்தக்காரன் கேட்டு வெளுத்தியா, அது அவன் பாடு.

அப்படிச் சொல்லப் போயிதான் வீட்டுல எனக்கு வாய் அடைஞ்சு போச்சு. உங்க அப்பாயி படத்தை நீ வெளுத்துக் கொண்டு வந்து மாட்டினப்ப, நான் குதிச்சேன் ஞாபகம் இருக்கா? நாப்பது வருசம் கூடைக் கயிறு அழுத்தி நெத்திக்கு மேல விழுந்த தடம் எங்கடான்னு கேட்டேன். அவ அடுப்படியில இருந்து வந்து படத்தை ஒரு நாழி பார்த்தா. "நல்லாத்தான் இருக்கு. பிள்ளை எனக்குப் பவுடர் போட்டு விட்டிருக்கு. நீங்க கட்டிக்கிட்டு வந்து அம்பது வருசமா ஒரு டப்பா வாங்கிக் குடுத்தீங்களா?"ன்னா. நான் சாயத்தண்ணியைக் குடிச்சுட்டு வெளிய போயிட்டேன். ஆனா அவளும் ஒரு குறை சொன்னா, உன்கிட்ட சொல்லச் சொன்னா. தோலை மழமழப்பாக்குனப்ப மூக்குத்திக் கல்லு மங்கிருச்சாம். ரெண்டு மாசக் கைக்காசுல வாங்கின கல்லு. மத்ததை அப்படியே வச்சுக்கிட்டு அதை மட்டும் திருப்பிக் கொண்டு வான்னா. தடத்தைப் பத்தி நானும் அதுக்கப்புறம் பேசல. நெத்தி அவளோடது.

என் மூஞ்சி என்னோடது. அதுக்குத்தான் இவ்வளவும் பேசினேன். கருமாதி நோட்டீசுக்கும் சுவத்துல மாட்டவும் எனக்கு ஒரு படம் வேணும். நான் போன பிறகு ஐடென்டிக்காட்டுல இருந்து பிடுங்கி, கோட்டு மாட்டி, டை கட்டி, வெள்ளைக்காரத் தொரை மாதிரி ஆக்குவீங்க, எமன் ஆளு மாறிருச்சுன்னு திருப்பி அனுப்பிருவான். ஆகையால உசுரோட இருக்கிறப்பவே எடுத்துடு. வர்ற மாசம் இடது கண்ணுக்கு ஆபரேசன், வெள்ளை போயிரும், அதுக்கு முந்தி எடுக்கணும். வெத்தலைக் கறைப் பல்லு தெரியணும். ரப்பர் உருளைக்குள்ள போன விரல் பாதிதான் இருக்கு, அதுவும் தெரியணும். இருட்டா விழுந்தா வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கிக்க, பச்சை ஏறினா இறக்கிக்க, அதுக்கு மேல கை வைக்காத. ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு இஸ்தோப்புல உக்காந்திருப்பேன், மழை பெஞ்சாலும் வா. பன்னிரண்டுக்குப் பதினஞ்சு சைஸ், மினுக்கமில்லாத கடதாசி. அன்னைக்கு வேட்டிக்கு நீலம் போட வேணாம்னு அப்பாயிக்கிட்ட சொல்லிட்டேன்.